ஆயாவின் தையல் மிஷின்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கந்தையை எப்படித் தைப்பது என்பதை மட்டும் எங்களில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டன் அறுந்தால் ஊக்கு. பாவாடை ஓரம் பிரிந்தால் அதற்கும் ஊக்கு! ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை எங்கள் தையற்கலை இவ்வளவுதான்.

எங்கள் தையல் அறையில் இருக்கும் இரண்டு மிஷின்களும் பெரிய வகுப்பு அக்காமார்களுக்கே போதுவதில்லை. நாங்கள் ஆறு பேர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். அப்படி இருந்த எங்களுக்கு ஒரு மிஷின் கிடைத்த கதையையும், அதை நாங்கள் பழகிய விதத்தையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். வீட்டு மூலையில் பழைய தையல் மிஷின் வைத்திருக்கும் பெற்றோரும் படித்தால் மகிழ்வோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு பென்னாகரம் சாலையில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அவளுடைய ஆயா அந்தக் காலத்தில் ஊராருக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்தவராம். ஆயா இறந்த பிறகு மிஷின்மேல் கேழ்வரகு மூட்டை ஏறிவிட்டது. போன ஆண்டு தோழியின் அப்பாவும் தவறிவிட்டார். அம்மா புளி தட்டும் வேலைக்குப் போகிறார். பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து மிஷினைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "அது ஓடவா போகுது? இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது" என்று அம்மாவும் கொடுத்துவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்.

தோழி அழுது புலம்பியதில் அம்மா ஒரு கெடு வைத்தார். "கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள அதுல எனக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் காட்டு. ஆச்சுன்னா இருக்கட்டும். ஆகலைன்னா எடைக்குப் போட்டுடுவேன்." இதைத் தோழி வந்து சொன்னபோது எங்கள் தையல் சிஸ்டர் சிரிக்கவில்லை. பள்ளி வேனை அனுப்பி மிஷினை எடுத்து வரச் சொல்லிவிட்டார்.

வந்து இறங்கிய பொருளைப் பார்த்து எங்களுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. கால் மிதி துருவேறியிருந்தது. தோல் பெல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. கைச்சக்கரத்தை இருவர் சேர்ந்து திருப்பியும் அசையவில்லை. ஆனால் பழந்துணியால் தூசியைத் துடைத்தபோது, கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலையும் "சிங்கர்" என்ற பெயரும் தெரிந்தன. அடித்தட்டில் ஒரு சிறு தகடு போன்ற இடத்தில் எண் பொறித்திருந்தது: முதலில் "ஒய்" என்ற ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள்.

இந்த எண்தான் மிஷினின் ஜாதகம் என்றார் சிஸ்டர். சிங்கர் கம்பெனி 1900ஆம் ஆண்டுக்குப் பிறகு எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பொறித்தது. எழுத்தைக் கொண்டு எந்தத் தொழிற்சாலையில் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். "ஒய்" என்றால் ஸ்காட்லாந்து நாட்டில் கிளைட்பேங்க் என்ற ஊர். காலம் 1920களும் 1930களின் முற்பகுதியும். அந்தத் தொழிற்சாலை 1885இல் இயங்கத் தொடங்கி 1980இல் மூடப்பட்டது. ஆனாலும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்! அங்கே கப்பலேறிய மிஷின் எந்தத் துறைமுகத்தில் இறங்கி, எத்தனை கை மாறி, கேழ்வரகு மூட்டைக்கு அடியில் வந்து சேர்ந்ததோ. ஆயாவைக் கேட்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிஷினைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரான்சில் தையற்காரரான தீமோனியே என்பவர் 1830இல் ஒரு மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். இராணுவத்துக்கு உடை தைக்க அவர் வைத்த கூடத்தை, பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாகச் சென்று உடைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே, கூர்முனைக்கு அருகில் காதுள்ள ஊசியையும் அடியில் ஓடும் நாடாவையும் கொண்ட மிஷினுக்கு 1846இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பாஸ்டன் நகரில் ஐந்து தையற்காரிகளோடு போட்டியிட்டு அவர்களைவிட விரைவாகத் தைத்துக் காட்டினாராம். ஐசக் மெரிட் சிங்கர் வந்தது அதற்கும் பின்னால். அவருடைய காப்புரிமை 1851இல். அதன்பின் ஹோவே வழக்குப் போட்டு வென்றார். சிங்கர் அவருக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் மாதத் தவணையில் மிஷின் விற்கும் வழக்கத்தை 1856இல் தொடங்கியது சிங்கர் கம்பெனிதான். தவணை இல்லாவிட்டால் ஏழைகள் வீட்டுக்குள் இது நுழைந்திருக்குமா?

காந்தியடிகள் இயந்திரங்களை எதிர்த்தார் என்று படித்திருக்கிறோம் அல்லவா? 1924இல் இராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம் இதையே கேட்டபோது, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கவில்லை என்று சொல்லி, சிங்கர் தையல் மிஷினைத்தான் விதிவிலக்குக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு இரங்கி சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். சரித்திரம் பார்த்தால் சிங்கர் பணத்தை எண்ணியே இறங்கியவர் என்றுதான் தெரிகிறது. இருந்தாலும் கையால் தைப்பவளின் வருத்தம் பொய்யில்லை. 1860களில் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடமும், மிஷினில் தைக்க 1 மணி 16 நிமிடமும் ஆகின. மிச்சமான 13 மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள்!

கை ஊசியும் சும்மா இல்லை என்பதற்கு நம் புறநானூற்றிலேயே சாட்சி உண்டு. தமிழாசிரியை சொன்னார்: ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், வானத்திலே மழை, பொழுதோ சாய்கிறது, அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி ஓடும் வேகத்தை, ஆமூர் மல்லனோடு மன்னன் பொருத போரின் வேகத்துக்குச் சாத்தந்தையார் உவமை சொல்லியிருக்கிறாராம். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஊசிக்காரர்களுக்கு அவசரம்தான் போலிருக்கிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம் தைப்பது அல்ல, துடைப்பது. கிராமத்தில் மிஷின் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். அன்றைக்கு இளகும், நாளாவட்டத்தில் அதுவே பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். எங்கள் மிஷினுக்கும் அதே நோய்தான். சிஸ்டர் அழைத்து வந்த மெக்கானிக் அண்ணன், எண்ணெய்த் துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட ஆட்ட, பழுப்பு நிறத்தில் அழுக்கு வடிந்தது. அதைத் துடைத்தெடுத்த பிறகே மிஷின் எண்ணெய், துளைக்கு ஒன்றிரண்டு சொட்டு. மண்ணெண்ணெய் அழுக்கை இளக்குமே தவிர வழுவழுப்புத் தராது. அதோடு விட்டுவிடக் கூடாது. ஊசித் தட்டைக் கழற்றினால் அடியில் பஞ்சு மெத்தை! துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே எத்தனையோ ஆண்டு நூல் துகள் அடைந்திருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஆயா தைத்த ரவிக்கைகளின் நிறமெல்லாம் அதில் இருந்தன. தோழி அதைக் குப்பையில் போடவில்லை. காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அண்ணன் மிஷினைப் பார்த்ததுமே, "இது பதினஞ்சு. கவலையில்லை, எல்லாச் சாமானும் கிடைக்கும்" என்றார். சிங்கரின் 15ஆம் வகை மிஷின் வெற்றி பெற்றதால் பல நாட்டுக் கம்பெனிகளும் அதே அமைப்பில் செய்தன. 1930களில் கல்கத்தாவில் பிறந்த நம் நாட்டு உஷாவின் கறுப்பு மிஷினும் ஏறக்குறைய அந்தக் குடும்பம்தான். ஆகவே ஸ்காட்லாந்து மிஷினுக்குத் தர்மபுரிக் கடைத்தெருவில் வாங்கிய பாபினும் பாபின் கேஸும் பொருந்திவிட்டன. ஊசியும் அப்படியே. பழைய மிஷினை ஓடாது என்று தள்ளும் முன் இதை யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு வேண்டியது ஒரு பெல்ட்டும் ஒரு ஊசியும் ஒரு நாள் வேலையும்தான்.

இரண்டாம் பாடம் காலுக்கு. நூலும் ஊசியும் இல்லாமல் மிதித்துப் பழக வேண்டும். கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு வளையம் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசிக் கம்பி ஏறி இறங்காது. சக்கரத்தின் மேல்பக்கம் நம்மை நோக்கி வரவேண்டும். அதுதான் சரியான ஓட்டம். எதிர்ப்பக்கம் ஓடினால் நூல் அறுந்து அடியில் சிக்கிக்கொள்ளும். கேட்க எளிது! எங்கள் கால்களோ மிதித்த மாத்திரத்தில் பின்பக்கமே ஓட்டின. இரண்டு பாதத்தையும் மிதியின்மேல் சற்று முன்பின்னாக வைத்து, கையால் சக்கரத்தை நம் பக்கம் ஒரு தட்டுத் தட்டி, அந்த ஓட்டத்தோடு காலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊஞ்சலை உந்திவிட்டு ஏறிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கே எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. அதில் ஒருத்தி மட்டும் அரை மணியில் கற்றுக்கொண்டாள். அவள் சித்தப்பா தையற்காரராம், முன்பே சொல்லவில்லை!

பிறகு திருகை இறுக்கி, ஊசியை மாட்டி, நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டினோம். துளைகள் கோட்டின்மேலேயே விழ வேண்டும். அடுத்தது சதுரம், மூலையில் ஊசி தாளுக்குள் இருக்கும்போதே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்ப வேண்டும். அடுத்தது வட்டம். எங்கள் பழைய கணக்கு நோட்டுகள் முழுவதும் சல்லடையாகிவிட்டன. கணக்கு டீச்சர் இதைப் படித்தால் மன்னிப்பாராக. தாளில் ஓட்டிய ஊசி முனை மழுங்கிவிடும். துணிக்கு வேறு ஊசி போட வேண்டும்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான். மிஷின் ஊசியை விரலில் உருட்டிப் பாருங்கள். மேல்தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். நகத்தை வைத்தால் தெரியும். நூல் அந்தப் பள்ளத்தில் பதிந்து இறங்கி, பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைய வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டினால் மிஷின் ஓடும், சத்தம் போடும், ஒரு தையலும் விழாது. நாங்கள் ஒரு மாலை முழுவதும் அப்படி ஓட்டிவிட்டு, மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவே செய்துவிட்டோம். தோழி அன்று சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் சிஸ்டர் வந்து ஊசியை ஒரு திருப்புத் திருப்பி மாட்டினார், அவ்வளவுதான்!

தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு வராது. ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்குகிறது. இறங்கியது சற்றே மேலே எழும்போது, பள்ளமில்லாத பக்கத்தில் நூல் துணியில் உரசி நின்று, சின்ன வளையமாகப் புடைக்கிறது. அந்த நொடியில் அடியிலுள்ள ஷட்டிலின் கொக்கிமுனை வந்து வளையத்தைக் கவ்விக்கொண்டு பாபினைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. இப்போது மேல்நூல் வளையத்துக்குள் அடிநூல் இருக்கிறது. மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் மேல்நூலைச் சுண்டி இழுக்க, இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. பற்கள் துணியை ஒரு தையல் தூரம் நகர்த்துகின்றன. மீண்டும் ஊசி இறங்குகிறது. கண்ணால் பார்க்க வேண்டுமானால் தட்டை நகர்த்திவிட்டுக் கைச்சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். நாங்கள் ஆறு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஊசி திரும்பி இருந்தால் வளையம் கொக்கிக்கு எட்டாத பக்கத்தில் புடைக்கிறது, அதுதான் விஷயம்.

நூல் இழுப்பு விஷயத்திலும் கண்ணே வாத்தியார். துணியின் மேல்பக்கத்தில் அடிநூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். கொஞ்சம் தளர்த்த வேண்டும். அடிப்பக்கத்தில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் டென்ஷன் தளர்வு, அல்லது நூல் தட்டுகளுக்கிடையே சரியாக உட்காரவில்லை. அடியில் குறை தெரிந்தால் குற்றம் அடியில் என்று நினைத்துப் பாபின் கேஸைத் திருகுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பாபின் கேஸுக்கு ஒரு சோதனை உண்டு: நூலைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்க வேண்டும். கையை இலேசாகச் சுண்டினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அதன் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னும் சில: தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் ஒரு சாண் விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதல் தையலிலேயே பறவைக்கூடு கட்டிவிடும். துணியை இழுக்கக் கூடாது. பற்கள் கொண்டுபோகும், நாம் வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி ஒடியும். எங்களுக்கு மூன்று ஒடிந்தன. எங்கள் மிஷினில் பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லாததால், முடிவில் துணியைத் திருப்பிப் போட்டு அரை அங்குலம் அதே கோட்டில் தைத்து உறுதிப்படுத்தினோம்.

டிசம்பர் பிறந்துவிட்டது. தலையணை உறை, துணிப்பை, விழா நாடகத்தில் தேவதூதர்களின் அங்கி என்று தைத்துக் கை பழகியிருந்தது. ஆனால் ரவிக்கை வேறு. தோழி தன் அம்மாவின் பழைய ரவிக்கையைப் பிரித்து, செய்தித்தாளில் அளவு எடுத்து, கத்தரிப்பூ நிறத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டாள். முதுகு, முன்பக்கம் இரண்டு, பட்டி, கை இரண்டு. வெட்டினாள். முன்பக்கத்து மடிப்புகள் பிரமாதமாக அமைந்தன. கை வைக்கும்போதுதான் தெரிந்தது, இரண்டு கையும் இடது கை! துணியை மடித்துப் போட்டு வெட்டியிருந்தால், அல்லது ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தால் வந்திருக்காது. அந்தத் துணிக்கு உட்புறம் வெளிப்புறம் வேறு. மீதியிருந்த துண்டில் கை தேறவில்லை. கடைக்குப் போனால் அதே நிறம் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் அழுத்தமான கத்தரிப்பூ நிறம்தான் கிடைத்தது. கெடுவுக்கு நான்கு நாள்.

"இரண்டு கையையும் புதுத் துணியில் வெட்டு. வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கும்" என்றார் சிஸ்டர். வாங்கி வந்ததோ ஒரு கைக்குத்தான் போதுமாக இருந்தது. மறுபடி போகப் பேருந்துக் காசு இல்லை. ஆகவே ஒரு கை ஒரு நிறம், மறு கை இன்னொரு நிறம்!

விடுமுறை விடும் நாளன்று அம்மா வந்தார். புளி தட்டிய கை; விரல் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ரவிக்கையை வாங்கியதும் உட்புறத்தைத் திருப்பி, தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. பிறகு வெளிப்புறம் திருப்பி, "என்னம்மா, கை ரெண்டும் வேற வேறயா இருக்குதே" என்றார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "சேலை மறைக்கும், போ" என்று சொல்லிவிட்டு மிஷினிடம் போய் உட்கார்ந்தார். மருமகளாக வந்த நாளிலிருந்து மாமியார் அதைத் தொடவே விட்டதில்லையாம். ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தார். சக்கரம் பின்னால் ஓடி நூல் பட்டென்று அறுந்தது.

"அம்மா, சக்கரம் உன் பக்கம் வரணும்" என்றாள் தோழி.

பொங்கலுக்கு முன் மிஷின் வீடு போய்ச் சேர்ந்தது. அம்மா மாலையில் கிழிசல் தைக்கவும் சேலைக்கு ஓரம் அடிக்கவும் தொடங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் துணி கொடுத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் தைக்கிறார்கள் என்றும், அதில் சேருவது பற்றி விசாரித்துச் சொல்வதாகவும் சிஸ்டர் கூறியிருக்கிறார். பெல்ட் மட்டும் மறுபடி தளர்ந்துவிட்டதாம். கொஞ்சம் வெட்டிக் கிளிப் போட்டால் சரியாகிவிடும். வருகிற சனிக்கிழமை ஒரு கிளிப்பும் இரண்டு ஊசியும் வாங்கிக்கொண்டு போகிறோம்.